மலைக்குப் போகிறவர்க்கு எந்த டின் ஓப்பனர்?



கொடைக்கானல் மலைக்கு ஏறும் சாலையில், அடிவாரத்து ஊர் ஒன்றில் நமது மளிகைக் கடை இருக்கிறது. சில ஆண்டுகளாக நமக்கு ஒரு புதுவகை வாடிக்கை சேர்ந்திருக்கிறது. முதுகில் ஆளுயரப் பை, காலில் கனத்த ஷூ, கையில் சீட்டு. பிஸ்கட், சூப் பொடி, நூடுல்ஸ், பேரீச்சம்பழம், இவற்றோடு நாலைந்து டின் சரக்கும் வாங்குவார்கள். அன்னாசித் துண்டு, மீன், பீன்ஸ், கன்டென்ஸ்டு மில்க் என்று போகும் அந்தச் சீட்டு. பேரம் பேசுவதில்லை, கடனும் கேட்பதில்லை. இப்படிப்பட்ட வாடிக்கையை யாருக்குத்தான் பிடிக்காது?

ஒரு நாள் மாலை பஸ் கிளம்பும் அவசரத்தில் நான்கு கல்லூரி இளைஞர்கள் வந்து ஆறு டின் வாங்கிப் போனார்கள். நாம் எடுத்து வைத்தோம், பில் போட்டோம், பையில் அடுக்கியும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அதே நால்வர் இறங்கி வந்தார்கள். ஒருவர் கையில் பெரிய கட்டு. பேனாக் கத்தியால் அன்னாசி டின்னைக் குத்தித் திறக்கப் பார்த்திருக்கிறார். கத்தி வழுக்கி, கிழிந்த தகடு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. நான்கு தையல். மற்ற ஐந்து டின்னையும் திறக்காமலே சுமந்து திரும்பியிருக்கிறார்கள்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. கட்டுப் போட்ட பையன்தான் மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி, ஆறு டின் எடுத்துக் கொடுத்தீங்களே, இதைத் திறக்க ஒண்ணு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

நமக்குப் பதில் வரவில்லை. அரிசி வாங்குகிறவரிடம் "படி இருக்கா?" என்று கேட்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் எல்லாம் இருக்கும். ஆனால் பையோடு மலைக்குப் போகிறவர் வீட்டை விட்டுப் போகிறவர். அடுக்களை மேஜை இழுப்பறையில் கிடக்கும் ஓப்பனர் அவரோடு வருவதில்லை. அந்த ஞாபகம் அவருக்கு இல்லாமல் போகலாம். நாள் முழுவதும் டின் விற்கும் நமக்கு இருந்திருக்க வேண்டும்.

அன்று முதல் ஓப்பனர் விஷயத்தைச் சற்று ஊன்றிப் படித்தோம். கற்றதையும், நமது கடையில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

டின் முந்தியது, ஓப்பனர் பிந்தியது

தகர டப்பாவில் உணவை அடைத்துக் கெடாமல் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் 1810-ல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள் லண்டனில் டின் உணவுத் தொழிற்சாலை நடக்கத் தொடங்கிவிட்டது. சரக்கு கப்பல் படைக்கும் தரைப்படைக்கும் போயிற்று. ஆனால் திறப்பதற்கென்று ஒரு கருவி வந்தது 1855-ல்தான். அதைச் செய்தவரும் ஓர் ஆங்கிலேயர், ராபர்ட் யேட்ஸ். இடையில் நாற்பத்தைந்து ஆண்டுகள் மக்கள் உளியும் சுத்தியலும் வைத்துத்தான் டின்னை உடைத்தார்கள். அன்றைய தகடும் இன்றைய தகடு போல் மெல்லியதல்ல.

1858-ல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் என்பவர் வேறொரு ஓப்பனருக்குக் காப்புரிமை பெற்றார். பார்க்கப் பயமுறுத்தும் கருவி அது. துப்பாக்கி முனைக் கத்தியும் அரிவாளும் கலந்தது போல் இருக்கும். உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் பயன்படுத்தினார்கள். வீடுகளில் வைத்துக்கொள்ள யாரும் துணியவில்லை. ஆகவே அங்கே மளிகைக் கடைக்காரரே அந்தக் கருவியைக் கடையில் வைத்துக்கொண்டு, விற்ற டின்னைத் திறந்து கொடுத்து அனுப்புவாராம்! நமது இளைஞரின் கேள்விக்கு அந்தக் காலத்துக் கடைக்காரரிடம் பதில் இருந்தது. நம்மிடம்தான் இல்லை.

சக்கரம் வைத்து விளிம்போடு வெட்டிப் போகும் ஓப்பனர் 1870-ல் வந்தது. வளையத்தைப் பிடித்து இழுத்தால் திறக்கும் மூடி 1960-களில்தான் சந்தைக்கு வந்தது.

தராசில் வைத்துப் பார்த்தோம்

தேதி முடிந்து, டீலரும் திருப்பி எடுத்துக்கொள்ளாத டின்கள் ஒரு பெட்டி நமது கோடவுனில் கிடந்தன. அவற்றை விற்கக் கூடாது, தின்னவும் கூடாது. ஓப்பனரைச் சோதிக்க அதைவிட நல்ல சரக்கு ஏது? கடை அடைத்த ஒரு ஞாயிறு பிற்பகல், கிடைத்த ஓப்பனர் வகைகளையெல்லாம் வாங்கி வந்து, கடைப் பையன்கள் இருவரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்.

மரப்பிடி போட்ட கொக்கி ஓப்பனர் நம்மில் பலருக்குப் பழக்கமானது. முனையால் குத்தி, கொக்கியை விளிம்பில் கொடுத்து நெம்பிக்கொண்டே போக வேண்டும். விலை மலிவு, உடையாது. ஆனால் குத்தும்போது வழுக்கினால் டின்னைப் பிடித்திருக்கும் கைதான் எதிரில் இருக்கிறது. வெட்டிய விளிம்பும் ரம்பப் பல் மாதிரி நிற்கிறது. மலைக்கு இதைக் கொடுத்து அனுப்புவது சரியல்ல.

வண்ணத்துப்பூச்சி இறக்கை போல் திருகு வைத்த சக்கர ஓப்பனர் வீட்டுக்கு மிக நல்லது. வயதானவர்களும் எளிதாகத் திருகுவார்கள். நமது தராசில் 90 கிராம் காட்டியது. பெரிய இரட்டைக் கைப்பிடி வகை 200 கிராமையும் தாண்டியது. பையில் இது எதற்கும் ஒட்டாமல் முட்டிக்கொண்டு நிற்கும். மலிவு ரகத்தில் ஆணி தளர்ந்துவிட்டால் சக்கரம் விளிம்பை விட்டு நழுவும். பாதி வெட்டிய டின்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல அலகு கொண்ட மடக்குக் கத்தியில் ஓப்பனரும் இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் தங்கள் படைவீரர்களுக்கு 1890-களின் தொடக்கத்தில் கொடுத்த கத்தியிலேயே டின் திறக்கும் அலகு இருந்தது. இன்று விற்கும் நடுத்தர அளவுக் கத்தி 60 கிராமைச் சுற்றி இருக்கிறது. ஓப்பனருக்காக மட்டும் 60 கிராம் அதிகம். ஆனால் கயிறு வெட்ட, பழம் நறுக்க, திருகு முடுக்க எப்படியும் ஒரு கத்தி கொண்டுபோவார்கள் அல்லவா? ஆகையால் வாடிக்கையாளர் கையில் அப்படி ஒரு கத்தி இருந்தால், அதில் ஓப்பனர் அலகு உண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் தனி ஓப்பனரை அவர் தலையில் கட்ட வேண்டாம். சாவிக் கொத்தில் தொங்கும் மிகச் சிறிய ரகக் கத்திகளில் பெரும்பாலும் அந்த அலகு இருப்பதில்லை. அதை நம்பிப் போகிறவர்தான் ஏமாறுவார்.

விரல் அளவில் ஒரு ஓப்பனர்

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சரக்கு. இரண்டே தகட்டுத் துண்டு, நடுவில் ஒரு கீல். மடக்கினால் தட்டையாகிவிடும். ஒரு சிறு பல் கீலில் திரும்பி நேர்செங்குத்தாக நிற்கும். பிடியின் ஓரத்தில் டின் விளிம்பைக் கவ்வ ஒரு வெட்டு. ஒரு முனையில் சாவி வளையத்துக்குத் துளை. அவ்வளவுதான் கருவி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், அமெரிக்கப் படையின் சிகாகோ உணவு ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்தார்கள். படைவீரனுக்கு டின்னில் அடைத்த உணவு கொடுத்தால் அதைத் திறக்கும் கருவியும் அந்தப் பெட்டியிலேயே போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 'பி-38' என்று பெயர். நீளம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பெயர் அதனால்தான் வந்தது என்பாரும் உண்டு. ஒரு டின்னைத் திறக்க 38 முறை குத்த வேண்டியிருப்பதால் வந்தது என்பாரும் உண்டு. வீரர்கள் அடையாள வில்லை தொங்கும் சங்கிலியிலேயே இதையும் மாட்டிக்கொண்டார்கள். இதன் அண்ணன் 'பி-51', இரண்டு அங்குல நீளம். 1980-களில் அந்தப் படை டின்னை விட்டு உறை உணவுக்கு மாறியது. ஆனால் ஓப்பனர் மறையவில்லை, மலை ஏறுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

எடை என்ன என்று பார்க்க ஒன்றைத் தராசில் வைத்தோம். நமது கடைத் தராசு அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பத்தைச் சேர்த்து வைத்த பிறகுதான் 50 கிராம் காட்டியது. அதாவது ஒன்று 5 கிராம். பெரியது ஏறக்குறைய 10 கிராம். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றிரண்டை வைத்துக்கொள்வது போல.

ஆஸ்திரேலியப் படையில் இதே கருவியோடு சிறு கரண்டியும் பாட்டில் மூடி நெம்பும் வளைவும் சேர்ந்த ஒன்று உண்டு. யோசனை நல்லதுதான். ஆனால் கரண்டி சற்றுத் தட்டை, அதில் பாயசம் குடிக்க முடியாது.

இனி 38-ஆ, 51-ஆ? எடையை மட்டும் பார்ப்பவர் சிறியதைக் கேட்பார். நமது கருத்து வேறு. நமது கடைகளில் போகும் 850 கிராம் பழ டின்னை 38-ஆல் திறந்த கடைப் பையன் பாதியிலேயே விரலை உதறினான். பிடி சிறியதாகையால் அழுத்தம் முழுவதும் கட்டை விரல் நுனியில் விழுகிறது. 51-ல் நெம்பும் நீளம் கூடுதல், விரலுக்கு இடமும் உண்டு. மலை மேல் குளிரில் விரல் விறைத்திருக்கும் நேரத்தில் அந்த அரை அங்குலம் பெரிய உதவி. ஐந்து கிராமை மிச்சம் பிடிக்க யாரும் விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். சிறிய மீன் டின் மட்டும் கொண்டுபோகிறவர்க்கு 38 போதும்.

திறக்கும் விதம்

இதை விற்கிறவர் திறந்து காட்டவும் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை கையில் எடுப்பவர் இது எப்படி வேலை செய்யும் என்றே புரியாமல் விழிப்பார்.

முதலில் டின் மூடியைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கோடவுனில் அதன் மேல் என்னென்ன ஓடியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். டின்னை மடியில் வைக்காமல் தட்டையான கல் மேல் வைத்து இடக்கையால் பிடிக்க வேண்டும். பல்லைத் திருப்பி நேராக நிறுத்தி, பிடியிலுள்ள வெட்டு டின் விளிம்புக்குக் கீழே மாட்டும்படி, பல் விளிம்புக்கு உட்புறம் மூடி மேல் நிற்கும்படி வைத்து, மணிக்கட்டைத் திருக வேண்டும். 'டப்' என்று பல் தகட்டில் இறங்கும். பிறகு சற்று நகர்த்தி மறுபடி திருகல், நகர்த்தி மறுபடி திருகல். டின்னை மெல்லச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். சிறு சிறு கடியாகக் கடித்தால் விளிம்பு ஒழுங்காக வரும். அவசரப்பட்டு நீளமாகக் கடித்தால் பல் வளையும், தகட்டுச் சீவலும் உணவில் விழும். பழகாத கைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பழகிவிட்டால் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

முழு வட்டமும் வெட்டக் கூடாது. விரற்கடை அளவு விட்டுவைத்தால் மூடி கதவு போல் நிமிரும். முழுவதும் வெட்டினால் மூடி குழம்புக்குள் விழுந்துவிடும். அதை விரல் விட்டு எடுக்கப் போய்த்தான் பாதிப்பேர் கையை வெட்டிக்கொள்கிறார்கள்.

கன்டென்ஸ்டு மில்க் டின்னுக்கு இவ்வளவு வேலையும் வேண்டாம். எதிரெதிராக இரண்டு துளை போட்டால் போதும். ஒன்றில் பால் வரும், மற்றதில் காற்றுப் போகும். 15 கிலோ எண்ணெய் டின்னுக்குக் காற்றுத் துளை போடாமல் ஊற்றி, எண்ணெய் குபுக் குபுக்கென்று வேட்டியெல்லாம் தெறித்த அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? அதே பாடம்தான் இங்கும். பால் கெட்டியாகையால் துளை சற்றுப் பெரிதாக இருக்கட்டும். மீதியைச் சிறு பிளாஸ்டிக் புட்டியில் மாற்றி இறுக மூடச் சொல்லுங்கள். திறந்த டின்னைப் பையில் வைத்தால் பைக்குள் எறும்புதான் குடியிருக்கும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர் வந்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மடக்கு ஓப்பனர் வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது. சக்கர வகையும் பெரும்பாலும் அப்படியே. நமது கடைப் பையன்களில் ஒருவன் இடக்கைக்காரன். அவனைத் திறக்கச் சொன்னபோது டின்னைச் சுற்றி அவனே சுற்றி வந்தான். கூட வரும் நண்பரிடம் ஓப்பனரைக் கொடுத்துவிடுவதே அவருக்கு நல்லது.

கொள்முதலில் கவனிக்க வேண்டியது

இதில் போலிச் சரக்கு நிறைய. வெளித் தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. அமெரிக்கப் படைக்குச் செய்தவற்றில் 'யு.எஸ்.' என்ற எழுத்தும் செய்த நிறுவனத்தின் பெயரும் தகட்டில் அழுந்தப் பதிந்திருக்கும். அதே எழுத்தைப் போலியிலும் பதிக்கிறார்கள் என்பதால் எழுத்தை நம்பிப் பயனில்லை. கையால் பார்ப்பதுதான் வழி.

கீல் இறுக்கமாக இருக்க வேண்டும். பல் தானாகத் திறந்து ஆடினால் சட்டைப் பையில் இருக்கும்போதே துடையைக் கிழிக்கும். பல்லின் முனை கூர்மையாகவும் ஓரம் சீராகவும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் வளையக் கூடாது. விரலுக்கே வளைவது டின்னை எங்கே வெட்டும்? முலாம் உரிந்து துருப் புள்ளி தெரிந்தால் ஒதுக்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும், மொத்தமாக எடுக்கும் முன் ஒரு டஜனில் இரண்டை எடுத்து மும்மூன்று டின் திறந்து பாருங்கள். நாம் வாங்கிய முதல் கட்டில் இரண்டாவது டின்னிலேயே ஒன்றின் பல் மடிந்துவிட்டது. அந்தக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினோம். கொடுத்தவர் முகம் சுளித்தார், "அஞ்சு கிராம் சாமானுக்கு இவ்வளவு சோதனையா?" என்றார். சோதனை ஐந்து கிராமுக்கு அல்ல, நான்கு தையலுக்கு என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. பொட்டலத்தில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்.ஆர்.பி. ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதி. பில் இல்லாமல், அட்டை இல்லாமல், உதிரியாக அள்ளிக் கொடுக்கும் சரக்கை மலிவு என்று வாங்கினால், நாளை சோதனைக்கு வரும் அதிகாரியிடம் பதில் சொல்வது நாம்தான்.

டின்னையும் பார்த்துக் கொடுங்கள்

'இப்போதுதான் எல்லா டின்னிலும் வளையம் வந்துவிட்டதே, ஓப்பனர் எதற்கு?' என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். எல்லாவற்றிலும் வரவில்லை. நமது அலமாரியைப் பார்த்தாலே தெரியும். வந்தவற்றிலும், குளிரில் விறைத்த விரலால் ஏறுக்கு மாறாக இழுத்தால் வளையம் கையோடு வந்துவிடும், மூடி அப்படியே இருக்கும். அப்போது டின்னைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் திறக்கலாம் என்று பார்ப்பார்கள். பல டின்களுக்கு அடிப்பக்கம் தனி மூடியாக இராது. பக்கத் தகடும் அடித் தகடும் ஒரே வார்ப்பாக வளைந்திருக்கும். கவ்வ விளிம்பே இல்லாத இடத்தில் எந்த ஓப்பனரும் வேலை செய்யாது. மேல்பக்க விளிம்பிலேயே ஓப்பனரை வைத்துத் திறக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். சதுர டின்னில் மூலை திரும்பும்போது மடக்கு ஓப்பனர் சற்று முரண்டு பிடிக்கும். உருண்டை டின் உள்ளபோது அதையே எடுத்துக் கொடுப்பது நல்லது.

எடை குறைந்த ஓப்பனர் கேட்டு வருகிறவரிடம் டின்னின் எடையையும் பேசத்தான் வேண்டும். 850 கிராம் அன்னாசி டின்னில் பாதியளவு சர்க்கரைப் பாகு. வடித்த எடை என்று லேபிளிலேயே போட்டிருக்கும், எடுத்துக் காட்டுங்கள். காலி டின்னை நிறுத்துப் பார்த்தோம், அதுவே 100 கிராமைச் சுற்றி வந்தது. அதாவது, ஓப்பனரில் ஐந்து கிராம் குறைக்கப் பாடுபடுகிறவர், டின்னில் அரைக் கிலோ பாகும் தகரமும் சுமக்கிறார்! நாம் இப்போது பெரிய டின் ஒன்றுக்குப் பதில் சிறிய டின் இரண்டு எடுத்துக் கொடுக்கிறோம், அல்லது உலர்ந்த பழம் எடுத்துக் கொடுக்கிறோம். சில நாள் பில் குறையத்தான் செய்கிறது. அவர் அடுத்த முறையும் நம்மிடம்தான் வருகிறார். சுடவைத்துச் சாப்பிடும் உறை உணவுகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. நமது ராணுவத்துக்காக மைசூரில் 1961 முதல் இயங்கும் உணவு ஆராய்ச்சிக் கூடம் இந்த வகையில் நிறையச் செய்திருக்கிறது. அதற்குக் கத்தரி போதும், ஓப்பனர் வேண்டாம். ஆனால் காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடந்த துயரத்தை நம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுடவைக்க வழியில்லாத இடத்தில், திறந்தவுடன் அப்படியே சாப்பிடக்கூடிய டின்னுக்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது.

உப்பிய டின், விளிம்பில் நசுங்கிய டின், கசிவு கண்ட டின் இவற்றை எக்காரணம் கொண்டும் மலைக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஊரில் வயிறு கெட்டால் டாக்டர் இருக்கிறார். அங்கே இறங்கி வரவே ஒரு நாள் ஆகும். மூடிய டின்னை அடுப்பிலோ கனலிலோ வைத்துச் சுடவைக்கக் கூடாது, வெடிக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

ஓப்பனர் தொலைந்துவிட்டால்? கத்தியைத் தொட வேண்டாம். டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, சொரசொரப்பான கருங்கல்லில் விளிம்பை அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்தால், மடித்து மூடிய விளிம்பு தேய்ந்து, ஓரத்தில் ஈரம் கசியும். உடனே நிறுத்தி, டின்னை நிமிர்த்தி, தகட்டுத் தூளைத் துடைத்துவிட்டு, பக்கங்களைச் சற்று அழுத்தினால் மூடி விட்டுக்கொடுக்கும். நாமே கடை வாசல் படிக்கல்லில் தேய்த்துப் பார்த்தோம். கை வலித்தது, பாகு கொஞ்சம் சிந்தியது, ஆனால் திறந்தது. பகலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்து காட்டினால் கூட்டமே கூடுகிறது.

காலி டின்னைக் காட்டில் போட்டுவிட்டு வராதிருக்கவும் ஒரு வார்த்தை. வாசனைக்குக் குரங்கும் கரடியும் வந்து நக்கும், நாக்கு கிழியும். மூடியை உள்ளே தள்ளி, டின்னை மிதித்துத் தட்டையாக்கி, ஒரு சாக்குப் பையில் போட்டுக் கீழே கொண்டுவரச் சொல்கிறோம். கொண்டுவருகிறவர்கள் நமது கடை வாசலிலேயே போடட்டும் என்று ஒரு பெட்டியும் வைத்திருக்கிறோம். பழைய இரும்புக்காரர் வாரம் ஒருமுறை எடுத்துப் போகிறார்.

எங்கே மாட்டுவது, எப்படி விற்பது

ஓப்பனரைப் பாத்திர வரிசையில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. டின் அடுக்கிய அலமாரியின் ஓரத்திலேயே அட்டையோடு தொங்கவிடுங்கள். டின் எடுக்கும் கை அதன் மேல் பட வேண்டும். பில் போடுமுன் கடைப் பையன் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "திறக்க என்ன வச்சிருக்கீங்க?"

சில நண்பர்கள், நான்கு டின் வாங்கினால் ஓப்பனர் இலவசம் என்று கொடுக்கலாமே என்றார்கள். நாம் முதலில் கொடுத்துப் பார்த்தோம். இலவசம் என்றால் நாமும் மலிவு ரகத்தைத் தேடுகிறோம், வாங்குகிறவரும் அதைப் பையின் அடியில் எறிந்துவிட்டு மறந்துவிடுகிறார். இப்போது நல்ல ரகத்தை நியாய விலைக்கு விற்கிறோம். காசு கொடுத்தவர் அதைச் சாவி வளையத்தில் மாட்டிக்கொள்கிறார். குழுவாகப் போகிறவர்களிடம் மட்டும் இரண்டு வாங்கச் சொல்கிறோம். இவ்வளவு சிறிய பொருள் இருட்டில் புல்லில் விழுந்தால் கிடைக்காது. அதனால் ஒரு சிவப்புப் பட்டு நூலை அதன் துளையில் கட்டியே கொடுத்துவிடுகிறோம். பொட்டலம் கட்டும் நூல்தான், செலவில்லை.

சாப்பிட்டதும் பல்லைத் துடைத்து மடக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டோம். பாகும் மீன் எண்ணெயும் கீலில் உறைந்தால் அடுத்த முறை பல் திரும்பாது, அழுக்கும் சேரும். ஊருக்கு வந்ததும் வெந்நீரில் கழுவி, உலர்த்தி, கீலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் ஆண்டுக்கணக்கில் வரும்.

முதல் முறை வாங்கும் உறுப்பினர்கள் 51-ல் இரண்டு டஜன், 38-ல் ஒரு டஜன் என்று எடுத்துப் பார்க்கலாம். மலைப் பாதையில் இல்லாத ஊர்க் கடைகளுக்கு ஒரு டஜனே போதும். ரயிலில் வடக்கே இமயமலைப் பக்கம் போகும் பிள்ளைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் விற்காமல் சணலில் கட்டி மேஜையோரம் தொங்கவிடுங்கள், திறந்து காட்டுவதற்கு. நமது கடையில் தொங்குவது அந்த முதல் சோதனையில் ஆறு டின் திறந்த 51. அதன் முலாம் போய்விட்டது, பல் மட்டும் இன்னும் வளையவில்லை.